பின்பக்கம் சொல்லும் ஊர்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம், ரமணாஸ்ரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், காஷ்மீரிலிருந்து வந்து கடை போட்டிருப்பவர்கள் உண்டு. சால்வைகள், காகிதக்கூழ்ப் பெட்டிகள், கல் மாலைகள் இவற்றுக்கு நடுவே சுருட்டி நிறுத்திய கம்பளங்களும் இருக்கும். ஒன்றை விரிக்கச் சொன்னால், விற்கத் தெரிந்தவர் முகப்பில் உள்ள பூவையும் கொடியையும் காட்டுவதோடு நிற்பதில்லை. ஒரு மூலையைப் புரட்டிப் பின்பக்கத்தையும் காட்டுவார். வாங்கத் தெரிந்தவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

அங்கே கம்பளியின் மென்மை இல்லை. கடுகளவுப் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிறம் நிறமாக நிற்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர் விரலால் போட்ட முடிச்சு. ஓர் அளவுகோலை வைத்து ஓர் அங்குலத்துக்குள் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று எண்ணிவிடலாம். காஷ்மீர்க் கம்பளங்களில் 18க்கு 18 என்பது வழக்கமான ஒரு கணக்கு. அப்படியானால் ஒரு சதுர அங்குலத்தில் 324 முடிச்சுகள். நான்கடி அகலம், ஆறடி நீளமுள்ள ஒரு கம்பளத்தில் 3,456 சதுர அங்குலம். பெருக்கிப் பார்த்தால் 11,19,744 முடிச்சுகள். ஒரு நெசவாளர் நாளுக்கு 6,000 முடிச்சு போடுகிறார் என்று வைத்துக்கொண்டால், விடுப்பே இல்லாமல் 187 நாள் வேலை.

இந்தக் கலையின் பெரும் வீடு ஈரான். தப்ரீஸ், காஷான், இஸ்ஃபஹான், கெர்மான், பீஜார், ஹமதான் என்று ஊருக்கு ஒரு மரபு. படம் வரையும் ரசனையில் மட்டும் இந்த வேறுபாடு இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வோர் ஊரின் ஆடு, தண்ணீர், செடி, தறி, கைப்பழக்கம் ஆகிய ஐந்தும் கம்பளத்தின் உடம்பில் பதிந்திருக்கின்றன. பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் ஊரைச் சொல்லிவிடலாம்.

இரண்டு முடிச்சு

தறியில் நெட்டுவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. நம் வேட்டி, சேலை, பவானி ஜமக்காளம் எல்லாம் இந்த இரண்டால் ஆனவை. முடிச்சுக் கம்பளத்தில் மூன்றாவதாக ஒரு நூல் வருகிறது. நெசவாளர் சிறு கம்பளி நூலை அடுத்தடுத்த இரண்டு பாவு நூல்களில் சுற்றி, கீழ்நோக்கி இழுத்து, கத்தியால் அறுக்கிறார். அறுபட்ட இரு முனைகளும்தான் நாம் காலில் உணரும் மெத்தென்ற பரப்பு. ஒரு வரிசை முடிச்சு முடிந்ததும் ஊடையை ஓட்டி, கனமான சீப்பால் தட்டி இறுக்குகிறார். பிறகு அடுத்த வரிசை.

முடிச்சில் இரண்டு பெருவகை. ஒன்றில் நூல் இரு பாவுகளையும் சுற்றி வளைத்து, இரு முனையும் நடுவே ஒன்றாக வெளிவரும். இது இரு பக்கமும் ஒத்த முடிச்சு. துருக்கி முடிச்சு என்பார்கள். மற்றதில் நூல் ஒரு பாவை முழுதாகச் சுற்றி, பக்கத்துப் பாவின் அடியில் மட்டும் நுழைந்து வரும். இது ஒவ்வா முடிச்சு, பாரசீக முடிச்சு. முதல் வகை பிடிப்பானது. இரண்டாவது குறைந்த இடத்தில் அடங்குவதால் நெருக்கிப் போடலாம்.

நெருக்கத்துக்கும் படத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கம்பளத்தில் வளைகோடு என்று ஒன்று கிடையாது. படிப்படியாக நகரும் புள்ளிகளே வளைவாகத் தெரிகின்றன. கைபேசித் திரையில் புள்ளிகள் நெருங்க நெருங்கப் படம் தெளிவதைப் போலத்தான் இதுவும். அங்குலத்துக்கு எட்டுப் பத்து முடிச்சு என்றால் சதுரமும் முக்கோணமும் சாய்கோடும் அழகாக வரும். ரோஜா இதழ் வராது. இருபது முப்பது என்று போனால் கொடி சுருளும், இதழ் மடியும்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. கம்பளத்தை ஒரு முனையிலிருந்து பார்த்துவிட்டு, எதிர்முனைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் நிறம் அடர்ந்திருக்கும். மறு பக்கம் வெளிறிப் பளபளக்கும். ஒவ்வொரு முடிச்சும் கீழ்நோக்கி இழுத்து அறுக்கப்பட்டதால் கம்பளி முழுவதும் நெசவு தொடங்கிய முனையை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. எதிரே நின்றால் கண்ணுக்குத் தெரிவது நூலின் நுனி. அது ஒளியை உள்வாங்கும். பின்னால் நின்றால் தெரிவது நூலின் பக்கவாட்டு. அது ஒளியைத் திருப்பி அனுப்பும். எந்த முனையில் தறி தொடங்கியது என்பதைப் பல ஆண்டு கழித்தும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

மந்தை, மலை, தறி

தென்மேற்கு ஈரானின் ஃபார்ஸ் பகுதியில் கஷ்காய் இன மேய்ப்பர்கள் மந்தையோடு இடம் மாறுபவர்கள். அவர்கள் தறி தரையில் படுத்திருக்கும்: நான்கு முளை, இரண்டு கட்டை. இடம் பெயரும்போது முளையைப் பிடுங்கி, பாதி நெய்த கம்பளத்தோடு சுருட்டி ஏற்றிக்கொள்ளலாம். ஆடு கையில் இருப்பதால் பாவும் கம்பளி, ஊடையும் கம்பளி. கம்பளிப் பாவு இழுத்தால் நீளும். அதனால் கம்பளத்தின் ஓரம் நேராக நிற்காது. வரைபடம் கிடையாது, படம் நெய்யும் பெண்ணின் மனத்தில் இருக்கிறது. மனத்திலிருந்து நெய்ய ஏற்றவை கட்டமும் வைரமும் குட்டி ஆடும் பறவையும். அந்தக் கம்பளங்களின் வடிவியல் அழகு, அவர்கள் வாழ்க்கை முறையிலிருந்து வந்தது.

நகரப் பட்டறையில் கதை வேறு. காஷானிலும் இஸ்ஃபஹானிலும் தறி செங்குத்தாக, அசையாமல் நிற்கும். பருத்திப் பாவு நீளாது. கோடு நேராக வரும். இன்னும் நுட்பம் வேண்டுமென்றால் பட்டுப் பாவு. பட்டு மெல்லியது, ஆனால் வலுவானது. ஓர் அங்குலத்தில் அதிகப் பாவுகளை அடுக்க முடியும். 1539–40இல் நெய்து முடிக்கப்பட்டு இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளம் பத்து மீட்டருக்கு மேல் நீளம், ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். பட்டுப் பாவில் பத்து நிறக் கம்பளியால் போடப்பட்ட முடிச்சுகள் இரண்டரைக் கோடிக்கு மேல். அதில் நெய்யப்பட்டிருக்கும் பெயர் மக்சூத் காஷானி. ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஹமதானைச் சுற்றியுள்ள கிராமங்களில் வரிசைக்கு ஒரே ஊடைதான் ஓட்டுவார்கள். பின்பக்கத்தில் முடிச்சுகளுக்கு இடையே வெள்ளைப் பருத்திப் பாவு ஒன்றுவிட்டு ஒன்று எட்டிப் பார்க்கும். கெர்மானில் மூன்று ஊடை ஓட்டும் பழைய வழக்கம் உண்டு. பீஜாரில் தடித்த ஊடையை நனைத்து, இரும்புக் கருவியால் அடித்து இறுக்குவார்கள். பாவு நூல்களில் ஒன்றுவிட்டு ஒன்று மற்றதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு இறுக்கம். அந்தக் கம்பளத்தை மடிக்கக் கூடாது, சுருட்டத்தான் வேண்டும். தப்ரீஸில் நெசவாளர் கையில் கொக்கி வைத்த கத்தி இருக்கும்; அதற்கு வாகானது ஒத்த முடிச்சு. தப்ரீஸ் நுட்பமான கொடிகளுக்குப் பேர்போனது என்பதால், ஒத்த முடிச்சிலும் வளைவு வரும், முடிச்சு நெருக்கமாக விழுந்தால் போதும் என்பது தெரிகிறது.

இந்த வேறுபாட்டை உலகமும் ஏற்றிருக்கிறது. 2010இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஈரானின் கம்பள நெசவைச் சேர்த்தபோது ‘பாரசீகக் கம்பளம்’ என்று ஒரே பதிவாகச் சேர்க்கவில்லை. ஃபார்ஸ் மரபு தனியாக, காஷான் மரபு தனியாக, இரண்டு பதிவுகள்.

முடிச்சுக் கலை மிகப் பழையது. 1949இல் சைபீரியாவின் அல்தாய் மலையில் செர்கேய் ருதென்கோ என்ற தொல்லியலாளர் பசிரிக் கல்லறைகளை அகழ்ந்தபோது, உள்ளே புகுந்து உறைந்த பனிக்கட்டியில் ஒரு முடிச்சுக் கம்பளம் கெடாமல் கிடந்தது. வயது ஏறக்குறைய 2,400 ஆண்டு. ஏறத்தாழ இரண்டு மீட்டர் சதுரம், ஒத்த முடிச்சு. இன்று நெய்பவர் அதைப் பார்த்தால் வேலை புரிந்துவிடும்.

வேரின் சிவப்பு, காற்றின் நீலம்

கம்பளி ஒரு புரதம். நம் தலைமுடியில் இருக்கும் கெரட்டின்தான் அதிலும் இருக்கிறது. அதன் மூலக்கூறுகளில் சாயம் பற்றிக்கொள்ள இடம் நிறைய உண்டு. பருத்திக்கு அது இல்லை. அதனால் பருத்திக்குச் சாயம் ஏற்ற நம் முன்னோர் கடுக்காயும் எருமைப் பாலும் தேட வேண்டியிருந்தது. கம்பளிக்குப் பெரும்பாலும் படிகாரமே போதும்.

பாரசீகச் சிவப்பு மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரிலிருந்து வருகிறது. வேரில் இருக்கும் நிறப்பொருள் அலிசரின். அதை மட்டும் வைத்துச் சாயமிட்டால் நிற்காது. படிகாரத்தில் ஊறிய கம்பளியில் அலுமினியம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஒரு கையால் கம்பளியையும் மறு கையால் அலிசரினையும் பிடித்துக்கொள்கிறது. கழுவினாலும் போகாது. படிகாரத்துக்குப் பதில் இரும்பு உப்பு சேர்த்தால் அதே வேர் ஊதாவும் பழுப்பும் தரும். ஒரே வேர், உலோகம் மாறினால் நிறம் மாறும். ஊர்த் தண்ணீரில் என்ன தாது கரைந்திருக்கிறதோ அதுவும் இதில் தன் பங்கைச் சேர்த்துவிடுகிறது.

இரும்பு சேர்ந்த கறுப்புக்கும் பழுப்புக்கும் ஒரு குணம் உண்டு: அது கம்பளியை மெல்ல அரிக்கும். பழைய கம்பளத்தில் கையை வைத்துத் தடவினால், பூவின் கறுப்பு விளிம்பு பள்ளமாகவும் சிவப்பு இதழ் மேடாகவும் தட்டுப்படும். யாரும் செதுக்கியதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு ஐம்பது நூறு ஆண்டு செய்த வேலை.

நீலம் அவுரி தந்தது. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. நொதிக்கவைத்த காரத் தொட்டியில் அது வேதிவினையால் கரையும் வடிவம் பெற்று மஞ்சள்பச்சைக் கரைசலாகிறது. முக்கி எடுத்த நூல் வெளியே வரும்போது பச்சையாக இருந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். கிராமத்தில் சின்னத் தொட்டியில் தவணை தவணையாகச் சாயமிடுவதால் ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் நிறம் சற்றே மாறும். கம்பளத்தின் நடுவில் நீலம் திடீரென்று ஒரு பட்டையாக வெளுப்பது அதனால்தான். ஒரு தொட்டி தீர்ந்து இன்னொன்று தொடங்கிய இடம் அது.

1868இல் அலிசரினைச் செயற்கையாகச் செய்யும் வழியை ஜெர்மானியர் கண்டு, 1897இல் அவுரி நீலத்தையும் ஆலையில் செய்து விற்கத் தொடங்கிய பிறகு, உலகம் முழுவதும் சாயச்செடி வயல்கள் சுருங்கின. ஆலைச் சாயத்தில் தொடக்கத்தில் வந்தவை வெயிலில் வெளுத்து, தண்ணீரில் ஓடின. ஈரான் அவற்றுக்குத் தடை போட்டுப் பார்த்தது. ஊர்ச் சாயம் போனால் ஊர்ப் பெயரும் போகும் என்ற அச்சம் நியாயமானதே.

இந்த வேதியியல் நமக்கு அந்நியமில்லை. சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சிவப்புத் துணிகளுக்கு நிறம் தந்த சாயவேரில் இருப்பதும் அலிசரின்தான். செடி வேறு, மூலக்கூறு ஒன்று. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம் பக்கம் அவுரி இன்றும் பயிராகிறது.

வாசித்து நெய்யும் படம்

பதினொரு லட்சம் முடிச்சில் ஒவ்வொன்றின் நிறமும் முன்கூட்டியே தீர்மானமாக வேண்டும். அந்த நினைவை எங்கே வைப்பது? மேய்ப்பர் மனத்தில் வைத்தார். சில ஊர்களில் பூ, கரை, மூலை ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மட்டும் நெய்த மாதிரிக் கம்பளத்தைத் தறியருகே தொங்கவிட்டார்கள். நகரத்தில் கட்டம் போட்ட தாளில் வரைந்தார்கள். காஷ்மீர் கண்டது இவற்றிலெல்லாம் வியப்பான வழி: படத்தை எழுத்தாக்கிவிட்டது.

காஷ்மீருக்குக் கம்பளக் கலை 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காலத்தில் பாரசீக, மத்திய ஆசியக் கைவினைஞர்களோடு வந்தது என்பது மரபு. அங்கே கானி சால்வை நெய்பவர்கள் ‘தாலிம்’ என்ற குறியெழுத்தை வைத்திருந்தார்கள். 1870–71இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போருக்குப் பின் ஐரோப்பாவில் சால்வைச் சந்தை சரிந்தது. சால்வைக்காரர்கள் கம்பளத் தறிக்கு நகர்ந்தபோது தாலிமும் கூடவே வந்தது.

நக்காஷ் எனப்படும் ஓவியர் கட்டத் தாளில் படம் வரைவார். தாலிம் எழுதுபவர் அதை வரிசை வரிசையாக எண்ணி, நிறத்துக்கு ஒரு குறி, எண்ணிக்கைக்கு ஒரு குறி என்று நீளத் தாளில் எழுதுவார். நெசவாளர் முன் படம் இருக்காது. பாவு நூல்களுக்கிடையே செருகிய அந்தத் தாள் மட்டும் இருக்கும். பெரிய தறியில் ஒருவர் உரக்க வாசிப்பார்: சிவப்பு மூன்று, வெள்ளை ஒன்று, நீலம் ஐந்து. மற்றவர்கள் கட்டிவிட்டுக் குரல் கொடுப்பார்கள். கேட்பவருக்கு அது பாட்டுப் போலிருக்கும். தாமரையா, புறாவா என்று பார்க்காமலே அவர்கள் கை அதை நெய்கிறது.

காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் முன்பு சேலைக் கரையின் பூவை நூல் வளையங்களாகத் தறிமேல் கட்டிவைக்கும் ‘அடை’ இருந்தது. பிறகு துளை போட்ட ஜக்கார்டு அட்டை வந்து அந்த இடத்தைப் பிடித்தது. ஆரணித் தறிகளிலும் இன்று அந்த அட்டை ஏறி இறங்குவதைக் காணலாம். அடையும் அட்டையும் தாலிமும் ஒரே கேள்விக்கு மூன்று பதில்கள். முதல் இரண்டில் படத்தின் நினைவு தறியில் இருக்கிறது. தாலிமில் அது மனிதக் குரலில் இருக்கிறது.

காஷ்மீர்க் கடைகளில் ‘தப்ரீஸ்’, ‘காஷான்’, ‘ஹமதான்’ என்று ஈரான் ஊர்ப் பெயர்களில் கம்பளங்கள் கிடைக்கும். படம் அந்த ஊர்களுடையது. ஆனால் ஸ்ரீநகரில் நெய்த ‘தப்ரீஸ்’ கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்: தப்ரீஸின் ஒத்த முடிச்சு இருக்காது, காஷ்மீரின் ஒவ்வா முடிச்சு இருக்கும். முகப்பு தப்ரீஸ் என்கிறது, பின்பக்கம் ஸ்ரீநகர் என்கிறது. வடிவம் பயணம் போகும். கைப்பழக்கம் பிறந்த ஊரிலேயே நிற்கும். அதற்கு ஸ்ரீநகர் வெட்கப்படத் தேவையில்லை. காஷ்மீர் கைமுடிச்சுக் கம்பளத்துக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

தெற்கே வந்த முடிச்சு

இந்தக் கலை நம் பக்கமும் வந்தது. கோல்கொண்டா சுல்தான்களின் அவையில் ஈரானியர் பலர் இருந்தார்கள். மசூலிப்பட்டினம் துறைமுகம் பாரசீக வளைகுடாவோடு வணிகம் செய்தது. கிருஷ்ணை, கோதாவரிப் பக்கம் ஏலூருவில் கம்பளத் தறிகள் எழுந்தன. தக்காணத்து ஆட்டின் கம்பளி முரடு. முகலாய அரண்மனைக் கம்பளத்தின் முடிச்சு நெருக்கம் இங்கே வரவில்லை. ஆனாலும் டச்சு வணிகர் கப்பலில் அவை ஜப்பான் வரை போயின. கியோட்டோ நகரின் கியோன் திருவிழாவில் தேர்களை அலங்கரித்த பழங்கம்பளங்களில் தக்காணத்துக் கம்பளங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். தேருக்குப் பேர்போன திருவண்ணாமலைக்காரருக்கு இந்தச் செய்தி தனி மகிழ்ச்சி தரும்.

தமிழ்நாட்டில் ஆற்காட்டு நவாபின் பெயர் தாங்கிய வாலாஜாபேட்டையிலும், தஞ்சை அருகே அய்யம்பேட்டையிலும் கம்பளத் தறிகள் இருந்தன. தென்னிந்தியக் கம்பள நெசவைப் பற்றி ஹென்றி டி. ஹாரிஸ் 1908இல் தனி நூலே எழுதினார். அதற்குள் தொழில் தளர்ந்திருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் ஆக்ரா, எரவாடா போன்ற சிறைகளில் கைதிகளைக் கொண்டு கம்பளம் நெய்து விற்றார்கள். கூலியில்லா உழைப்போடு கூலிக்கு நெய்பவர் போட்டியிட முடியாது. மலிவு ஆலைச் சாயமும் சேர்ந்துகொண்டது.

வெயில் மண்ணுக்குக் கம்பளிக் கம்பளம் எப்போதும் விருந்தாளிதான். அதன் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று குளிரைத் தடுக்கிறது. நமக்குத் தேவை அதற்கு நேர்மாறானது. எனவே இங்கே வேரூன்றியது வந்தவாசிக் கோரைப்பாய். ஆற்றோரச் சதுப்பில் வளரும் கோரை உடம்புச் சூட்டைத் தேக்காது, வியர்வையில் ஒட்டாது. கூட்டம் உட்காரப் பவானி ஜமக்காளம்; அதில் முடிச்சே இல்லை, ஊடையே பாவை மூடிவிடும். ஈரானில் மலையும் மந்தையும் செய்ததை இங்கே ஆறும் வெயிலும் செய்திருக்கின்றன.

யார் விரல்

1987இல் தொடங்கி அமெரிக்கா ஈரான் கம்பளத்துக்குக் கதவை மூடியும் திறந்தும் வந்தது. 2018இல் மறுபடி மூடியது. அமெரிக்கச் சந்தைக்குப் பாரசீக வடிவங்களை நெய்யும் வேலையில் பெரும்பங்கு இந்தியாவுடையது. உத்தரப் பிரதேசத்தின் பதோகி, மிர்ஸாப்பூர் வட்டாரம் அதன் மையம்.

இந்தத் தொழிலோடு ஒரு பொய்யும் சேர்ந்தே வளர்ந்தது: நுண்ணிய முடிச்சுக்குக் குழந்தை விரல்தான் வேண்டும் என்பது. 1990களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக இந்தியாவில் நடந்த ஆய்வு அதைத் தவறென்று காட்டியது. நுட்பமான கம்பளங்களைப் பெரியவர்களும் நெய்கிறார்கள். குழந்தையை உட்காரவைக்கக் காரணம் விரலல்ல, கூலி. குழந்தை உழைப்பை எதிர்த்துப் போராடிவரும் கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியில் 1994இல் தொடங்கிய ரக்மார்க் முத்திரை, குழந்தை உழைப்பில்லாத கம்பளத்தை வாங்குபவர் அடையாளம் காண வழி செய்தது. அவருக்கு 2014இல் நொபெல் அமைதிப் பரிசு கிடைத்தது.

வாங்குபவர் கையிலும் கொஞ்சம் பொறுப்பு இருக்கிறது. பின்பக்கத்தில் துணி ஒட்டிப் பசை பூசியிருந்தால் அதில் முடிச்சு இல்லை. துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்திச் செருகியது. முடிச்சுக் கம்பளத்தின் குஞ்சம் பாவு நூலின் மிச்சம். தனியாகத் தைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். எந்த ஊர், எந்தச் சாயம், அங்குலத்துக்கு எத்தனை, யார் நெய்தது என்று கேளுங்கள். கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் இருக்கும் வரைதான் நேர்மையான கம்பளத்துக்கு நேர்மையான விலை கிடைக்கும்.

பூவையும் கொடியையும் இன்று எந்த இயந்திரமும் ஒரு மணி நேரத்தில் அச்சடித்துவிடும். ஆட்டை அறிந்த மேய்ப்பர், தண்ணீரை அறிந்த சாயக்காரர், தாலிம் எழுதுபவர், அதை வாசிக்கும் நெசவாளர் என்ற சங்கிலியை அச்சடிக்க முடியாது. அதில் ஒரு கண்ணி விட்டுப்போனால் ஓர் ஊரின் மரபு முடிந்துவிடும். ஆரணிப் பட்டுக்கும் வந்தவாசிப் பாய்க்கும் இதே விதிதான். நெய்பவரின் பிள்ளை பள்ளிக்குப் போகவும், விரும்பினால் படித்துவிட்டுத் தறிக்குத் திரும்பவும் போதுமான கூலி இருந்தால் ஸ்ரீநகரிலும் காஷானிலும் ஆரணியிலும் தறி ஓடும்.